அப்பத்தாவுக்கு ஏன் பசிக்கவில்லை?

மதுரைக்குத் தெற்கே, நான்குவழிச் சாலையிலிருந்து இறங்கி உள்ளே போனால் வரும் ஒரு கரிசல் ஊரில் எனக்கு ஓர் அப்பத்தா இருந்தார். சொந்த அப்பத்தா இல்லை, அப்பாவுக்குச் சின்னம்மா முறை. திண்ணையின் வலது மூலைதான் அவர் இடம். ஒரு பாய், தலைக்குச் சுருட்டி வைத்த பழைய சேலை, வெற்றிலை இடிக்கக் கையடக்கமாக ஓர் இரும்பு உரல், மாத்திரைகள் கிடக்கும் மஞ்சள் பை. எப்போது போனாலும் "சாப்டியா அப்பத்தா?" என்று கேட்பேன். எப்போதும் ஒரே பதில்தான். "பசிக்கலப்பா. நீ உள்ள போய்ச் சாப்பிடு."

பல வருடம் அதை அப்படியே நம்பினேன். வயதானால் பசி மட்டுப்படும் என்று எல்லோரும் சொல்வதுதானே. ஒரு மழை நாளில், சாரல் அடிக்கிறதென்று பாயை உள்ளே இழுத்துப் போட்டபோது சுருட்டிய சேலைக்குள்ளிருந்து ஒரு பொட்டலம் விழுந்தது. செய்தித்தாளில் மடித்த பாதி பன். ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. கூடவே பிஸ்கட் நான்கைந்து, நொறுங்கிப்போய். அப்பத்தா வெடுக்கென்று அதை எடுத்து முந்தியில் மறைத்துக்கொண்டார். "நாய்க்குப் போட வச்சிருந்தேன்" என்றார். அந்த வீட்டில் நாய் கிடையாது.

அரிசிக்கும் அந்த வீட்டில் பெரிய பஞ்சமில்லை. கார்டுக்கு இருபது கிலோ விலையில்லா அரிசி வந்துகொண்டிருந்தது. மருமகளும் கொடுமைக்காரி இல்லை. விடிகாலையில் பட்டாசு ஆலை வேனில் ஏறிப் போய், இருட்டிய பிறகு திரும்பி, உலை வைக்கிறவள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு பானையோடு நின்றபடியே தின்று முடிக்கிறவள். அவளுக்கே அரைவயிறுதான். இதெல்லாம் அப்பத்தாவுக்குத் தெரியும். திண்ணையில் உட்கார்ந்தே அவர் அந்த வீட்டின் பானையை அளந்துகொண்டிருந்தார். கரண்டி அடிப்பானையில் உரசும் சத்தம் கேட்டதும், யாரும் கூப்பிடுவதற்கு முன்பே, "எனக்கு வேணாந்தா, பசிக்கல" என்று குரல் வந்துவிடும். பிறகு உரலில் வெற்றிலை இடிபடும் சத்தம் கேட்கும். வெற்றிலையும் ஒரு துண்டுப் புகையிலையும் பசியைச் சில மணி நேரத்துக்கு அமுக்கிவிடும். வயலில் கூலி வேலை பார்த்த தலைமுறைக்கு அது பழகிய வித்தை.

இந்த "பசிக்கல" என்ற சொல்லை மனநல மருத்துவர் கேட்டால், பசியின்மை மனச்சோர்வின் அடையாளங்களில் ஒன்று என்று குறித்துக்கொள்வார். உணவு வழங்கல் அதிகாரி கேட்டால், இந்த வீட்டில் பசி இல்லை என்று எழுதிக்கொள்வார். இருவரும் பாதி சரி. ஆரம்பத்தில் அப்பத்தாவுக்கு அது வாய்ப்பொய்தான். அதே பொய்யை நாள்தோறும் இரண்டு வேளை சொல்லிச் சொல்லி, ஐந்தாறு வருடத்தில் அவருக்கு உண்மையிலேயே பசிக்காமல் போயிற்று. பேச்சு குறைந்தது. ராத்திரியில் எழுந்து உட்கார்ந்திருப்பார். "போதும்ப்பா, கூப்பிட்டுக்கிட்டா நல்லது" என்பது வாயில் அடிக்கடி வர ஆரம்பித்தது. வயிறு எங்கே முடிந்தது, மனசு எங்கே தொடங்கியது என்று என்னால் கோடு கிழிக்க முடியவில்லை.

ஒரு கிழவியின் கதையை வைத்து ஊரைப் பற்றிப் பேசக் கூடாதுதான். ஆனால் கணக்கும் இருக்கிறது. மும்பையில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 2017-18இல் நாடு முழுவதும் 45 வயதுக்கு மேற்பட்ட 72,000 பேருக்கும் அதிகமானவர்களை வீடு வீடாகச் சந்தித்தது. ‘லாசி’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த முதுமை ஆய்வின் அறிக்கை 2021 ஜனவரியில் வெளியானது. அந்தத் தரவுகளின்படி, அறுபது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேர் வீட்டில் உணவு போதாமல் சாப்பாட்டின் அளவைக் குறைத்திருக்கிறார்கள். 4 பேர் ஒரு முழு நாளாவது சாப்பிடாமலே இருந்திருக்கிறார்கள். சதவீதமாகப் பார்த்தால் சின்ன எண்கள். இந்தியாவில் அறுபது கடந்தவர்கள் 2021இல் சுமார் 13.8 கோடி இருப்பார்கள் என்பது அரசின் மதிப்பீடு. அதில் நூற்றுக்கு நாலு என்றால் அரைக் கோடிக்கு மேல்.

என்னை நிறுத்தியது வேறொரு எண். தங்களுக்குப் பிடித்த உணவு போதிய அளவு கிடைக்கவில்லை என்று சொன்னவர்கள் நூற்றுக்குச் சுமார் 40 பேர். வயிறு நிரம்புகிறது, ஆனால் வேண்டியது கிடைக்கவில்லை. ‘இந்த வயசுல நாக்கு கேக்குதோ’ என்று நாம் சிரித்துக்கொண்டே கடந்துபோகிற விஷயம் இது. கருவாட்டுக் குழம்புக்கு ஆசைப்பட்டு, அதைச் சொல்ல வாய் கூசி, சொல்லாமலே விடுகிற முதியவரின் மனசில் என்ன நடக்கிறது என்று யார் கேட்டோம்?

அதே ஆய்வில் மனச்சோர்வுக்கான கணக்கும் இருக்கிறது. கேள்விகள் கேட்டு அறிகுறிகளை அளந்தபோது அறுபது கடந்தவர்களில் 8.3 விழுக்காட்டினர் தீவிர மனச்சோர்வு இருக்கக்கூடியவர்கள் என்று தெரிந்தது. தமக்கு மனச்சோர்வு இருப்பதாக மருத்துவ ரீதியாகக் கண்டறியப்பட்டதாகச் சொன்னவர்களோ 0.8 விழுக்காடு மட்டுமே. பத்தில் ஒன்பது பங்கு யார் கண்ணிலும் படவில்லை. படாததில் வியப்பும் இல்லை. நம் ஊரில் எந்த முதியவர் ஆஸ்பத்திரிக்குப் போய் "எனக்கு மனச்சோர்வு" என்றார்? "நெஞ்சு படபடன்னு வருது", "தூக்கம் பிடிக்கல", "ஒடம்பெல்லாம் எரியுது", "கெறக்கமா இருக்கு". சீட்டில் சத்து மாத்திரையும் வலி மாத்திரையும் எழுதப்படும். கிறக்கத்துக்குப் பாதிக் காரணம் காலையில் ஒன்றும் சாப்பிடாதது என்பதை அவரும் சொல்ல மாட்டார், நாமும் கேட்க மாட்டோம்.

உலகில் பசியை அளக்க ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு எட்டு கேள்விகள் வைத்திருக்கிறது. அதில் முதல் கேள்வி, கடந்த ஓராண்டில் சாப்பாட்டுக்கு இல்லாமல் போய்விடுமோ என்று கவலைப்பட்டீர்களா என்பது. வயிற்றைத் தொடுவதற்கு முன் மனசைத் தொடுகிற கேள்வி. இல்லாமை முதலில் மனசில்தான் தட்டுகிறது என்பதை அந்த அளவுகோலை உருவாக்கியவர்கள் அறிந்திருக்கிறார்கள். இந்தக் கேள்விகளை வைத்து 149 நாடுகளில் 2014இல் எடுக்கப்பட்ட கேலப் கருத்தாய்வை ஆண்ட்ரூ ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் அலசிப் பார்த்தார். உணவுப் பாதுகாப்பின்மை கூடக்கூட மனநலம் படிப்படியாகக் கீழே இறங்குவதைக் கண்டார்.

முதியோரின் மனச்சோர்வை அளக்க இன்னொரு கேள்விப்பட்டியல் உண்டு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவானது. அதன் பதினைந்து கேள்விச் சுருக்கம் நம் மருத்துவமனைகளிலும் பயன்படுகிறது. அதில் பசியைப் பற்றிய கேள்வியே கிடையாது. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள். வயதானால் பசியும் தூக்கமும் எப்படியும் மாறும், அதை வைத்து மனச்சோர்வைக் கணிக்க முடியாது என்பது அவர்கள் நியாயம். வசதியான நாட்டில் அது நியாயம்தான். கரிசல் காட்டுத் திண்ணையில் அந்தக் கேள்வியை விட்டால் பாதிக் கதை போய்விடும். பசியை அளப்பவர் வீட்டுத் தலைவரைக் கேட்டுவிட்டுப் போகிறார், அவருக்குத் திண்ணை மூலை தெரிவதில்லை. மனசை அளப்பவர் திண்ணைக்கு வருகிறார், சோற்றைப் பற்றிக் கேட்பதில்லை. அப்பத்தா இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறார்.

உடம்பின் பங்கையும் சொல்ல வேண்டும். பல் போனவருக்குச் சோறும் ரசமும்தான் இறங்கும். பயறு, கீரை, கறி எல்லாம் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக விடைபெறும். புரதம் குறைந்தால் தசை கரையும், நடை தளரும், நடை தளர்ந்தவர் வாசலைத் தாண்ட மாட்டார். பால், முட்டை, மீன் எட்டாத தட்டில் பி12 இருக்காது. வயதான இரைப்பை இருப்பதையும் சரியாக உறிஞ்சாது. அந்தச் சத்துக் குறைவு மறதியாகவும், கை கால் மதமதப்பாகவும், சோர்ந்த மனசாகவும் வெளியே தெரியும். சர்க்கரை நோயாளி வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் சர்க்கரை சட்டென இறங்கி, வேர்த்து, கை நடுங்கி, இதோ உயிர் போகிறது என்ற பயம் வரும். அது இரண்டு முறை நடந்தால் சிலர் மாத்திரையையே நிறுத்திவிடுவார்கள். சோறு உறுதியில்லாத வீட்டில் அது பைத்தியக்காரத்தனமும் இல்லை.

ஆனாலும் இந்தச் சத்துக் கணக்கெல்லாம் என் மனசில் இரண்டாவது இடத்தில்தான் இருக்கிறது. முதல் இடம் கேட்பதற்கு. ‘இன்னும் கொஞ்சம் சோறு போடு’ என்று கேட்பதற்கு. குழந்தை கேட்டால் உரிமை. சம்பாதிக்கிறவன் கேட்டால் அதிகாரம். அறுபது வருடம் அடுப்படியை ஆண்ட பெண், சாவி கைமாறிய பிறகு கேட்டால்? ‘தண்டச்சோறு’ என்ற சொல் தமிழில் எவ்வளவு சாதாரணமாகப் புழங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். யாரும் அவரைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அது காதிலேயே இருக்கிறது. வேலை செய்யாதவருக்குச் சோறு கடன் என்பதை அவரே அறுபது வருடம் மற்றவர்களுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார். இப்போது அந்தக் கணக்கு அவர் மேல் திரும்பியிருக்கிறது.

அது போகக்கூடிய தூரமும் நமக்குத் தெரியாததில்லை. விருதுநகர் பக்கம் தலைக்கூத்தல் என்று ஒன்று உண்டு. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, படுக்கையில் கிடக்கும் முதியவரை அனுப்பிவைப்பது. அதை வைத்து எடுத்த படத்துக்குப் பிரியா கிருஷ்ணசாமி வைத்த பெயர் ‘பாரம்’. தேசிய விருது பெற்ற படம். அதே கருவில் மதுமிதா எடுத்த ‘கே.டி. என்கிற கருப்புதுரை’ 2019இல் வந்தது. அதில் வீட்டார் பேசுவதைக் கேட்டுவிட்டு ஓடிப்போகிற கிழவர் பிரியாணிக்கு உயிரை விடுகிறவர். சிரித்துக்கொண்டே பார்த்த படம்தான். சாகச் சொன்ன வீட்டை விட்டு ஓடிய மனிதர் நாக்கின் ஆசையைப் பிடித்துக்கொண்டு பிழைக்கிறார் என்பதில் இருக்கிற உண்மை எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஆண்களின் பாடு இன்னொரு மாதிரி. மனைவி இறந்த ஆறு மாதத்தில் பாதியாகிப் போன பெரியவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். ஒரு நாளும் அடுப்பு பற்ற வைத்தறியாதவர்கள். டீக்கடை பெஞ்சில் காலை பத்து மணிக்கு ஒரு வடையும் டீயும்தான் அன்றைய பெரிய சாப்பாடு. ‘பொண்டாட்டி போன துக்கம்’ என்று ஊர் சொல்லும். துக்கம்தான். கூடவே, மூன்று வேளை ஒருவர் கூப்பிட்டுத் தட்டு வைத்தது நின்றுபோனதும்.

கேட்காமல் சாப்பிட வேண்டுமென்றால் கையில் காசு வேண்டும். சென்னை மாநிலம் 1962 ஏப்ரலில் முதியோர் ஓய்வூதியத்தைத் தொடங்கியபோது மாதம் 20 ரூபாய். இன்று மத்திய அரசின் பங்கு, அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரை மாதம் 200 ரூபாய். எண்பது தாண்டினால் 500. இந்த 200 ரூபாய் கிட்டத்தட்ட இருபது வருடமாக அப்படியே நிற்கிறது. நாளுக்கு ஆறு ரூபாய் அறுபத்தேழு காசு. ஒரு முட்டை. அவிக்க எரிவாயு தனி. மிச்சத்தை மாநிலங்கள் போட்டு நிரப்புகின்றன. தமிழ்நாட்டில் 2023இல் அது 1,200 ஆனது. நாளுக்கு 40 ரூபாய். ஆந்திரத்தில் 2024 ஜூலை முதல் 4,000 ரூபாய், மாதம் பிறந்ததும் வீட்டு வாசலில் கொடுக்கிறார்கள். சமூக நலத் திட்டங்களில் நாமே முன்னோடி என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த ஒரு எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசலாம்.

தொகையை விடக் கசப்பானது அதை வாங்கும் வழி. ‘ஆதரவற்றவர்’ என்று நிரூபிக்க வேண்டும். மகன் இருக்கிறானா, என்ன செய்கிறான், கூட இருக்கிறாயா, தனியா என்று விசாரணை. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே ‘எனக்கு யாருமில்லை’ என்று மகன் முன்னாலேயே சொல்ல வேண்டிவந்த தாய்மார்களை எனக்குத் தெரியும். வீட்டில் ‘பசிக்கல’ என்ற பொய். ஆபீசில் ‘யாருமில்லை’ என்ற பொய். சோற்றுக்காக ஒரு மனுஷி எத்தனை பொய் சொல்வது? பெற்றோர் பராமரிப்புக்காக 2007இல் வந்த சட்டம் கோட்டாட்சியர் முன்னால் மகன் மீது மனுப்போட வழி செய்திருக்கிறது. போட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மனுப்போட்ட மறுநாள் அந்த வீட்டில் எந்த மூலையில் போய் உட்காருவது என்ற கேள்விக்குச் சட்டத்தில் பிரிவு இல்லை.

பணம் கொடுத்தால் மனசு தேறுமா என்று கேட்கலாம். மெக்சிகோவில் கிராமப்புறத்தில் எழுபது கடந்தவர்களுக்கு மாதம் 500 பெசோ கொடுத்தார்கள். பங்களிப்பு எதுவும் கேட்காத ஓய்வூதியம். கலியானி, கெர்ட்லர், பாண்டோ என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் அதன் விளைவை அளந்து 2016இல் எழுதினார்கள். மேலே சொன்ன, பசியைக் கேட்காத அந்த முதியோர் மனச்சோர்வு அளவுகோலிலேயே மதிப்பெண் 12 விழுக்காடு இறங்கியிருந்தது. கூலி வேலைக்குப் போவது ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மாத்திரை இல்லை, ஆலோசனை இல்லை. மாதாமாதம் தவறாமல் ஒரு தொகை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டிலேயே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட குழு, தனியாக வாழும் முதியவர்களை முக்கியமாகக் கவனித்து இங்கே தொடர்ந்து கணக்கெடுத்து, 2023இல் அதை வெளியிட்டது. தனிமை, வறுமை, உடல்நலக் குறைவு மூன்றும்தான் மனச்சோர்வோடு மிக நெருக்கமாகக் கட்டுண்டிருப்பதாக அதில் தெரிந்தது. இன்னொன்றும் சொல்கிறார்கள்: ஏழை, நடுத்தர நாடுகளில் வயது ஏற ஏற மனச்சோர்வின் அறிகுறிகள் செங்குத்தாக ஏறுகின்றன, அமெரிக்காவில் அப்படி ஏறவில்லை. முதுமை என்றாலே சோகம்தான் என்று நாம் தத்துவம் பேசிக்கொண்டிருந்தது எவ்வளவு தூரம் இயற்கை, எவ்வளவு தூரம் வெறும் இல்லாமை என்று இதைப் படித்தபோது தோன்றியது.

‘பென்ஷனைக் கொடுத்தால் மகன் பிடுங்கிக் குடிக்கிறான்’ என்பது டீக்கடையிலிருந்து சட்டமன்றம் வரை கேட்கிற வாதம். பிடுங்குகிறவர்கள் உண்டு, இல்லையென்று யார் சொன்னது? ஆனால் தென்னாப்பிரிக்காவில் பொருளாதார அறிஞர் ஆன் கேஸ் கண்டது வேறு. பாட்டியின் ஓய்வூதியம் வீட்டுச் செலவோடு கலக்கிற குடும்பங்களில் அந்த வீட்டில் எல்லோருடைய உடல்நிலையுமே தேறியிருந்தது. சாப்பாடு சரியாக நடந்ததும் மன அழுத்தம் தணிந்ததும் அதற்குக் காரணங்கள். பேரனின் நோட்டுக்குப் பாட்டி காசு கொடுக்கிற வீட்டில் பாட்டிக்குத் தட்டு வைக்க யாரும் மறப்பதில்லை. அதை அவரும் அறிவார். கொடுப்பதற்கு ஏதாவது இருக்கிறவருக்குக் கேட்கும்போது கூச்சம் இருக்காது.

உணவாகவே கொடுப்பதிலும் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் 1982இல் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. அடுத்த வருடமே முதியோர் ஓய்வூதியம் பெறுகிறவர்களும் அந்த மையத்தில் மதியம் சாப்பிடலாம் என்றானது. பேரப்பிள்ளைகள் வயதுக் குழந்தைகளோடு தட்டேந்தி உட்காரக் கூச்சப்பட்டவர்கள் உண்டு. அந்தச் சத்தத்துக்காகவே போனவர்களும் உண்டு. இன்று பெரும்பாலோருக்கு அது மாதம் நாலு கிலோ அரிசியாகச் சுருங்கிவிட்டது. 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். காலையில் அங்கே போய்ப் பாருங்கள், நரைத்த தலைகள் எத்தனை என்று எண்ணிவிடலாம். காசு கொடுத்து டோக்கன் வாங்கி, மேசை முன் நின்று சாப்பிடுகிறார்கள். யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. அந்த ஐந்து ரூபாயில் சாம்பார் சாதத்தை விட அதுதான் மலிவாகக் கிடைக்கிறது. பட்டணத்தை விட்டு வெளியே வந்தால் அப்படி ஓர் இடம் கிடையாது. கிராமத்துக் கிழவிக்குப் பசிக்காது என்று முடிவு செய்துவிட்டோம் போல.

2025 ஆகஸ்டில் எழுபது கடந்தவர்களுக்காகத் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் ரேஷன் பொருள் வீடு தேடி வருகிறது. இருபது லட்சம் பேருக்கு மேல். வெயிலில் வரிசையில் நின்று, தேய்ந்துபோன விரலை இயந்திரத்தில் வைத்து, ‘ரேகை விழல பாட்டி, துடைச்சிட்டு வை’ என்று நாலுமுறை கேட்டு, ஐந்தாவது முறை அழுகிற நிலையில் திரும்பி வந்தவர்களைப் பார்த்தவன் நான். அதனால் இதை மனசார வரவேற்கிறேன். ஒரு சின்ன நெருடலும் உண்டு. அந்த வரிசைதான் பலருக்கு மாதத்தில் ஒரு முறை நாலு பேரைப் பார்க்கிற சாக்கு. ‘என்னடி மெலிஞ்சிட்ட’ என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்கிற இடம். அரிசி வாசலுக்கு வந்துவிட்டது, அந்தக் கேள்வி வரவில்லை. வந்த அரிசியை உலையில் போடக் கை நடுங்காமல் இருக்க வேண்டும் என்பதும் ஒன்று.

கேள்வி கேட்க ஆள் இல்லாமலும் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக ஒரு பெண் தன்னார்வலர் ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையோடு வீடு வந்து போகிறார். அதே ஊர்க்காரப் பெண். அழுத்தம் பார்க்கிறார், குறித்துக்கொள்கிறார். அவர் கேட்க வேண்டியது இரண்டே இரண்டு: ‘நேத்து என்ன சாப்ட்ட? யாரோட சாப்ட்ட?’ அதிலும் முதியவரைத் தனியாக, மருமகள் காதில் விழாத தூரத்தில் கேட்க வேண்டும். ‘சாப்பிட்டியா’ என்று கேட்டால் பதில் ‘ம்’ என்றுதான் வரும். ‘என்ன’ என்று கேட்டால் பொய் சொல்லச் சற்று யோசிக்க வேண்டியிருக்கும். அந்த யோசிக்கிற நேரத்தில் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தபோது, டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006இல் ஹராரே நகரில் பாட்டிகளைப் பழக்கினார். சுகாதார நிலையத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்ச். பாட்டி உட்கார்ந்திருப்பார், மனசு சரியில்லாதவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசலாம். மனச்சோர்வு என்ற வார்த்தையே அங்கே கிடையாது. ‘குஃபுங்கிசிசா’ என்பார்கள், ஷோனா மொழியில் ‘அதிகமாக யோசிப்பது’. நம் அப்பத்தாக்கள் ‘ஒரே யோசனையா இருக்கு’ என்பதேதான். அந்தப் பெஞ்ச் உண்மையிலேயே பலன் தருகிறது என்று 2016இல் மருத்துவ ஆய்விதழில் நிரூபணமும் வந்தது. அங்கே பாட்டி பாரமாக இல்லை, வைத்தியராக இருக்கிறார். நம் ஊரில் அவர் திண்ணை மூலையில் கரண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எனக்கு வேண்டியது பெரிய புதுத் திட்டம் எதுவுமில்லை. ஆதரவற்றவர் என்ற சான்றை எடுத்துவிட்டு, ஒரு வயதைத் தாண்டிய ஏழை எவருக்கும் ஓய்வூதியம், மகன் இருந்தாலும். விலைவாசியோடு தானாக ஏறுகிற தொகை. மத்திய அரசின் 200 ரூபாயை வைத்திருப்பதை விட எடுத்துவிடுவது கௌரவமாக இருக்கும். அந்த அளவுக்கு அது வெட்கக்கேடு. ஊருக்கு ஒன்றாக இருக்கிற சத்துணவு மையத்தின் அடுப்பு மதியத்தோடு அணைகிறது. அதே அடுப்பில் முதியவர்களுக்கு நல்ல சாப்பாடு, வாரத்தில் சில நாள் முட்டையோடு, மென்று விழுங்க ஏதுவாக, உட்கார்ந்து நாலு பேரோடு சாப்பிட. ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தாலும் சரி. வாங்கிக்கொண்டு கொடுப்பதே நல்லது என்பது என் கட்சி.

அப்பத்தாவுக்குக் கடைசிக் காலத்தில் முதியோர் பணம் வந்தது. யார் யார் காலையோ பிடித்து மகனே வாங்கிக்கொடுத்தார். ஆயிரம் ரூபாய் இருந்த காலம். பணம் வாங்கும் நாளில் நான் ஊரில் இருந்தேன். வங்கி முகவர் வரும் பஞ்சாயத்து ஆபீஸ் திண்ணையில் இரண்டு மணி நேரம் காத்திருந்து, ரேகை மூன்றாவது முறை விழுந்து, நோட்டை இரண்டு முறை எண்ணி, முந்தியில் முடிந்துகொண்டார். வரும் வழியில் டீக்கடை முன்னால் நின்றார். பேரனுக்கு மிக்சர் ஒரு பொட்டலம், மருமகளுக்கு நாலு பஜ்ஜி. பிறகு தயங்காமல் பெஞ்சில் உட்கார்ந்து, "உளுந்த வடை சூடா ரெண்டு, ஒரு டீ. சீனி தூக்கலா" என்றார். சர்க்கரை இருக்கே அப்பத்தா என்று வாய் வரை வந்ததை நான் விழுங்கிக்கொண்டேன். வடையை டீயில் நனைத்து நனைத்து, பல்லில்லாத வாயில் கடைசித் துணுக்கு வரை தின்றார். நான் பர்ஸை எடுத்தேன். கையைத் தட்டிவிட்டு முந்தி முடிச்சை அவிழ்த்தார்.

"ஒனக்கும் ஒரு டீ சொல்லியிருக்கேன். குடிப்பா."